பழைய ஏடிவி வாங்கப் போகிறீர்களா? தண்ணீரையும் தூசியையும் தேடுங்கள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதிச் சாலையோரங்களில் "விற்பனைக்கு" என்ற அட்டையோடு, ஏடிவி எனப்படும் பழைய காட்டுத்தட வண்டிகள் நிற்கத் தொடங்கும். நவம்பர் 15 அன்று துப்பாக்கி மான் வேட்டை தொடங்கி 30 வரை நடக்கும். அதற்குள் ஒரு வண்டி கைக்கு வந்துவிட வேண்டும் என்று தவிப்பவர்கள் அங்கே நிறையப் பேர். டெட்ராய்ட் புறநகரில் வசிக்கும் நம்மவர்களிலும் சிலர், உடன் வேலை செய்யும் அமெரிக்க நண்பர்களோடு ஒருமுறை காட்டுத்தடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, சொந்தமாக ஒன்று வேண்டும் என்று தேடத் தொடங்குகிறார்கள். புது வண்டி 6,000 டாலருக்கு மேல் போகிறது. ஆகவே பழையதைத் தேடுவதில் தவறே இல்லை. நல்ல முறையில் வைத்திருந்த பழைய வண்டி இன்னும் பதினைந்து வருடம் உழைக்கும்.

ஆனால் காரை எடைபோடும் கண்ணோடு ஏடிவியை எடைபோட முடியாது. கார் தார்ச்சாலையில் ஓடுகிறது. எத்தனை மைல் ஓடியது, எத்தனை வருடம் ஆனது என்ற இரண்டு கேள்வியில் பாதி விஷயம் தெரிந்துவிடும். இந்த வண்டியோ சேற்றில் இறங்குகிறது, ஓடையைக் கடக்கிறது, முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதியை மணிக்கணக்கில் உள்ளிழுக்கிறது. பதினெட்டு வயது வண்டி முழு ஆரோக்கியத்தோடு இருக்கும்; மூன்று வயது வண்டி உள்ளுக்குள் செத்திருக்கும். இரண்டையும் பிரிப்பவை இரண்டே: உள்ளே போன தண்ணீர், உள்ளே போன தூசி. கீழே சொல்லப்போகும் பெரும்பாலான சோதனைகள் இந்த இரண்டின் தடயத்தைத் தேடுவதற்குத்தான்.

தேடத் தொடங்கும் முன்

வேலை என்ன என்பதை முதலில் தீர்மானியுங்கள். வேட்டைக்கும் காட்டுத்தடத்துக்கும் ஒரே வண்டி என்றால், நான்கு சக்கரத்துக்கும் விசை போகும், முன்னும் பின்னும் சுமைத்தாங்கி உள்ள, 400 முதல் 570 சிசி வரையிலான வேலைவண்டிதான் பொருத்தம். ஹோண்டா ராஞ்சர் 420, ஹோண்டா ஃபோர்மேன், யமஹா கோடியாக், சுசுகி கிங்குவாட், போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 500 அல்லது 570 ஆகியவை இந்த வகை. இவை பல வருடங்களாக ஏராளமாக விற்றவை. எந்த ஊர் கடையிலும் பாகம் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் ஏற்கெனவே பிரித்துப் பார்த்திருப்பார். பழைய வண்டி வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

குதிரைசக்தியைப் பார்த்து மயங்காதீர்கள். 700, 800, 1000 சிசி வண்டிகளைப் பலர் வாங்குவதே வேகத்துக்காகவும் சேற்றில் விளையாடுவதற்காகவும்தான். பழைய சந்தைக்கு அவை வரும்போது அந்த வாழ்க்கையின் அடியும் சேர்ந்தே வருகிறது. மான் வேட்டைக்காரர் விடியும் முன்னர் மெதுவாக, சத்தமின்றிப் போகிறவர். அவருக்கு அந்தச் சக்தி எதற்கு? பந்தய வகை வண்டிகளும் வேண்டாம்: சுமைத்தாங்கி இல்லை, பெரும்பாலானவற்றில் பின்சக்கரத்துக்கு மட்டுமே விசை.

மூன்று சக்கர வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1970இல் ஹோண்டா அறிமுகப்படுத்திய வகை அது. எளிதில் கவிழ்ந்து ஏராளமானோரைக் காயப்படுத்தியது. 1988இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துடன் பெரிய நிறுவனங்கள் செய்துகொண்ட உடன்பாட்டால் அவற்றின் விற்பனை நின்றது. சில பண்ணைக் கொட்டகைகளில் இன்னும் அவை கிடக்கின்றன, அங்கேயே கிடக்கட்டும்.

பெயர் தெரியாத இறக்குமதி வண்டியையும் தவிருங்கள். இணையத்தில் பெட்டியோடு விற்கப்படும் மலிவு வண்டிகளில் பல, அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்தை நிறைவு செய்யவில்லை என்று அதே ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு சாதாரண பிரேக் கேபிள் அறுந்தால்கூட மாற்றுப் பாகம் எங்கே கிடைக்கும் என்பதே தெரியாது. குழந்தைகளுக்கான சிறு வண்டிகளில் இந்த ஆபத்து அதிகம் என்பதால் பெற்றோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கியரா, பெல்ட்டா என்று யோசியுங்கள். இதில் கொஞ்சம் நேரம் செலவிடலாம். ஹோண்டா வேலைவண்டிகளில் பெரும்பாலானவை பற்சக்கர கியர் உள்ளவை. காலால் மாற்றும் வகை உண்டு, இடக்கைப் பொத்தானை அழுத்தி மாற்றும் மின் வகையும் உண்டு. மற்ற நிறுவனங்களின் வேலைவண்டிகளில் பெரும்பாலும் ரப்பர் பெல்ட்டில் இயங்கும் சிவிடி எனும் தானியங்கி அமைப்புதான். கியர் மாற்றும் வேலையே இல்லாமல் ஓட்ட அது சுகமானது. ஆனால் பெல்ட் தேயும். தண்ணீர் புகுந்தால் வழுக்கும். அதிகச் சுமையோடு மேட்டில் உயர் கியரில் ஏறினால் கருகும். கியர் வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. முந்தைய உரிமையாளர் அலட்சியமாக ஓட்டியிருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். முதன்முதலாகப் பழைய வண்டி வாங்குகிறவருக்கு நான் கியர் வண்டியைத்தான் சொல்வேன். பெல்ட் வண்டிதான் வேண்டும் என்றால் யமஹாவின் அல்ட்ராமேட்டிக் வகை நல்ல தேர்வு. அதில் பெல்ட் எப்போதும் இழுவிசையிலேயே இருப்பதால் தேய்மானம் குறைவு; செங்குத்தான இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். எல்லா சிவிடி வண்டியிலும் இந்த இன்ஜின் பிடிப்பு கிடையாது. மலைத்தடத்தில் ஓட்டப் போகிறவர் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

பின்பக்கம் ஒரே ஆக்சிலாக இருப்பதா, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்குவதா என்பதும் ஒரு கேள்வி. ஒற்றை ஆக்சில் கட்டுமானம் எளிது, பழுது குறைவு, சுமை ஏற்றினாலும் பின்பக்கம் அதிகம் சாயாது. தனித்தனிச் சஸ்பென்ஷன் கல்லிலும் வேரிலும் இடுப்பைக் காப்பாற்றும், ஆனால் தேயக்கூடிய மூட்டுகளும் ரப்பர் உறைகளும் அதில் கூடுதல். முதுகுவலி உள்ளவர்கள் இரண்டாவதை எடுக்கலாம்.

வேட்டை முடிந்த பிறகு வாங்குங்கள். செப்டம்பர், அக்டோபரில் விலை ஏறும், விற்பவர் பேரத்துக்கு இறங்க மாட்டார், நீங்களும் அவசரத்தில் இருப்பீர்கள். குளிர்காலக் கடைசியில், பனி உருகும் மாதங்களில் தேடினால் நிதானமாகப் பத்து வண்டியைப் பார்க்கலாம்.

தொலைபேசியில் பேசும்போது

"நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். போனதும் முதல் வேலையாக இன்ஜினின் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், கிளப்பத் திணறும் வண்டியை உங்களுக்காகச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு.

மைலை மட்டும் கேட்காதீர்கள், மணியையும் கேளுங்கள். இப்போதைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு மீட்டரில் இருக்கும். மைலை மணியால் வகுத்தால் வண்டியின் வாழ்க்கை ஓரளவு புலப்படும். 1,500 மைல், 150 மணி என்றால் மணிக்குப் பத்து மைல். காட்டுத்தடத்தில் ஓடிய வண்டி. 300 மைல், 150 மணி என்றால் மணிக்கு இரண்டு மைல். வீட்டு முற்றத்தில் பனியைத் தள்ளிக்கொண்டே இருந்த வண்டியாக இருக்கலாம். "300 மைல்தான் ஓடியது" என்ற விளம்பரம் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் பனித்தகடு மாட்டிய வண்டியில் முன்பக்க டிஃபரன்ஷியல், முன் சஸ்பென்ஷன், சேசிஸ் எல்லாமே மாதக்கணக்கில் முட்டுப்பட்டிருக்கும். முன்னே தள்ளி, நிறுத்தி, பின்னே எடுத்து, மறுபடி தள்ளும் வேலையில் கியர் படும் பாட்டை மீட்டர் சொல்லாது.

விற்கும் காரணத்தையும், உரிமைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அப்போதே கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் பெட்ரோல் செலவழித்துப் போகவே வேண்டாம்.

வண்டியைத் தொட்டுப் பார்க்கும்போது

கழுவி மெழுகு போட்ட பளபளப்பில் ஏமாறாதீர்கள். ஒரு டார்ச் விளக்கு, சிறிய கண்ணாடி, பழைய துணி, ஒரு செட் ஸ்பேனர் எடுத்துப் போங்கள். சுமைத்தாங்கியின் அடிப்புறம், அடித்தகட்டுக்கும் சேசிஸுக்கும் இடைப்பட்ட இடுக்கு, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள், முன்விளக்குக் கூண்டின் உட்புறம் ஆகிய இடங்களுக்குத் தண்ணீர்க் குழாய் எட்டாது. அங்கே காய்ந்த சேறு உயரத்தில் படிந்திருந்தால் வண்டி ஆழமான சேற்றில் இறங்கியிருக்கிறது. விளக்குக் கூண்டுக்குள் நீர்க்கோடு தெரிந்தால், அந்த உயரம்வரை மூழ்கியதாகவே கொள்ளுங்கள்.

இருக்கையைக் கழற்றி, காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். நேரம் இல்லாமல் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பெரும்பாலான வண்டிகளில் கருவி இல்லாமலே இருக்கையைத் தூக்கிவிடலாம். அடியில் ஏர்பாக்ஸ் இருக்கும். மூடியைத் திறந்து, ஃபில்டரை வெளியே எடுங்கள். ஃபில்டரின் வெளிப்பக்கத்தில் தூசி இருப்பது இயல்பு. அதைப் பிடிப்பதுதான் அதன் வேலை. ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் அந்த மண் சிலிண்டருக்குள்ளும் போயிருக்கிறது. பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் அது அரம்போலத் தேய்த்திருக்கும். வெளியில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், அல்லது இன்ஜினைப் பிரித்துச் சீர்செய்யும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். ஏர்பாக்ஸின் அடியில் சிறு வடிகுழாய் ஒன்று தொங்கும். அதைப் பிதுக்கினால் தண்ணீரோ சேறோ வந்தால், அதுவும் மூழ்கியதற்கு அடையாளம்.

எண்ணெய் தடவாத காய்ந்த நுரை ஃபில்டரைப் பார்த்தாலும் வண்டியின் பராமரிப்பைப் பற்றி ஒரு முடிவுக்கு வரலாம். இருபது நிமிட வேலை அது. அதைச் செய்யாதவர் வால்வ் இடைவெளியைச் சரிபார்த்திருக்க மாட்டார், டிஃபரன்ஷியல் ஆயிலைத் தொட்டிருக்கவே மாட்டார்.

மூன்று இடத்து ஆயிலையும் பாருங்கள். இன்ஜின் ஆயிலோடு நிறுத்தாதீர்கள். ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோல் வாசம் வந்தால் எரிபொருள் கசிகிறது. விற்பனைக்கு முன்னர் இன்ஜின் ஆயிலைப் புதிதாக மாற்றுவது எல்லோரும் செய்வது. புத்தம்புது ஆயில் எதையும் நிரூபிப்பதில்லை. முன், பின் டிஃபரன்ஷியல்களை மாற்றுபவர் அரிது. ஆகவே அவற்றின் நிரப்புத் திருகைத் திறக்க அனுமதி கேளுங்கள். உள்ளே வெளுத்த ஆயில் இருந்தால் ஆக்சில் சீல் வழியாகவோ காற்றுக்குழாய் வழியாகவோ தண்ணீர் போயிருக்கிறது. பேரிங்குகள் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். காந்தமுள்ள வடிதிருகில் மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் பயமில்லை. உலோகச் சில்லுகள் இருந்தால் பல் உடைந்திருக்கிறது. திறக்கவே விடமாட்டேன் என்று விற்பவர் மறுத்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

சக்கரங்களைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் பேரிங், பால்ஜாயிண்ட் தேய்மானம் தெரியும். இடமும் வலமுமாக அசைத்தால் ஸ்டியரிங் கம்பிகளின் முனைத் தேய்மானம் தெரியும். ஆக்சில் முனைகளில் உள்ள ரப்பர் உறைகளை விரலால் மடக்கி, மடிப்புகளுக்குள் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். உறை கிழிந்து கிரீஸ் வெளியேறியிருந்தால் உள்ளே மணல் புகுந்திருக்கும். உறையை மட்டும் மாற்றினால் போதாது.

சேசிஸைப் பார்க்கும்போது சஸ்பென்ஷன் கைகள் பொருத்தப்படும் மூலைகளில் புதிய வெல்டிங், புதுப் பெயிண்ட், வளைவு ஏதாவது தெரிகிறதா என்று கவனியுங்கள். சற்றுத் தள்ளி நின்று நேர் பின்னாலிருந்து பாருங்கள். கவிழ்ந்த வண்டியின் சுமைத்தாங்கியும் கைப்பிடியும் ஒருபக்கம் இழுத்திருக்கும். பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் ஊர்களில் குழாய்ச் சேசிஸ் உள்ளிருந்து துருப்பிடிக்கும். அடியில் திருப்புளியால் தட்டினால் கேட்கும் ஓசையே சொல்லிவிடும்.

அளவுக்கு மீறிய பெரிய டயரும், உயர்த்தப்பட்ட காற்றுக்குழாயும் உள்ள வண்டியை விலக்குங்கள். 25 அங்குல டயருக்காகச் செய்த வண்டியில் 28, 30 அங்குலம் மாட்டினால் ஆக்சில், பெல்ட், டிஃபரன்ஷியல் மூன்றும் தாங்க வேண்டிய பளு ஏறிவிடுகிறது. அந்தக் காற்றுக்குழாயைக் கைப்பிடி உயரத்துக்குத் தூக்கிக் கட்டியவர் கழுத்தளவு தண்ணீரில் இறங்கத்தான் அதைச் செய்திருப்பார். வேட்டைக்கு வாங்குகிறவருக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்த உருவம் மாறாத வண்டியே மேல். டயர் நான்கும் சரியான அளவில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முன்னும் பின்னும் பொருந்தாத அளவில் மாட்டி நான்கு சக்கர விசையில் ஓட்டினால் விசைக்கடத்திகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

மின்கம்பிகளில் ஒட்டுநாடா சுற்றிய இணைப்புகள், எலி கடித்த தடம், எங்கிருந்தோ ஓடி எங்கேயோ போகும் புதுக்கம்பிகள் இருந்தால் பின்னால் தலைவலிதான். முக்கியமாக, ரேடியேட்டர் விசிறிக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தானாக ஓட வேண்டிய விசிறியைக் கையால் போடவேண்டிய நிலை ஏன் வந்தது என்று கேளுங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போதும் ஓட்டும்போதும்

குளிர்ந்த வண்டி ஓரிரு முயற்சியில் கிளம்ப வேண்டும். நவம்பரில் மிச்சிகனின் மேல் தீபகற்பக் குளிரில் காட்டுக்குள் நின்றுபோகும் வண்டி வெறும் தொல்லையல்ல, உயிராபத்து. மின்னணு எரிபொருள் தெளிப்பு உள்ள வண்டியைத் தேடச் சொல்வது இதற்காகத்தான். சுசுகி கிங்குவாட் 700 இல் 2005இலும், ராஞ்சர் 420 இல் 2007இலும், யமஹா கிரிஸ்லி 700 இல் அதே 2007இலும் அது வந்தது. கார்புரேட்டர் வண்டி மோசமென்று அர்த்தமில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்தால் சரியாகிவிடும். பொறுமை உள்ளவருக்கு அது விலை குறைக்க நல்ல காரணம்.

புகையின் நிறத்தைப் பாருங்கள். நீலம் நீடித்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெண்புகை விடாமல் வந்தால் குளிர்நீர் சிலிண்டருக்குள் கசிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம். அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது.

வண்டியை நிற்கவிட்டு, விசிறி தானாக ஓடத் தொடங்கும்வரை காத்திருங்கள். கால் மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் விற்பவரோடு பேசிக்கொண்டிருங்கள்; வண்டியின் கதை அப்போதுதான் வெளிவரும். மீட்டர் ஒன்று கையில் இருந்தால் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள்: சற்றே வேகம் கூட்டும்போது 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும்.

சுருக்க அழுத்தச் சோதனை எண்ணை அப்படியே நம்பி வண்டியை நிராகரிக்காதீர்கள். பல ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின்களில், கிளப்ப எளிதாக இருக்க, வால்வைச் சற்றே திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு உண்டு. அதனால் நல்ல இன்ஜினும் குறைந்த எண்ணைக் காட்டும். அந்த மாடலின் பணிமனைக் கையேட்டில் உள்ள எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் சோதனை இன்னும் நம்பகமானது. விலை அதிகமுள்ள வண்டிக்கு ஒரு மெக்கானிக்குக் கூலி கொடுத்து அதைச் செய்துவிடலாம்.

ஓட்டும்போது எல்லா கியரையும், பின்கியரையும் போட்டுப் பாருங்கள். ஹோண்டாவின் மின்கியர் வண்டியில் ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். திரையில் எண்ணுக்குப் பதிலாக ஒரு கோடு மட்டும் மின்னினால் உணர்விப் பழுது இருக்கலாம். பெல்ட் வண்டியில் நின்ற நிலையிலிருந்து மெதுவாகக் கிளம்புங்கள்: தத்தித் தத்திப் புறப்பட்டால், கருகிய ரப்பர் வாசம் வந்தால், பெல்ட்டோ கிளட்ச்சோ தேய்ந்திருக்கிறது. கைப்பிடியை முழுக்கத் திருப்பி, நான்கு சக்கர விசையில் சிறு வட்டம் போடுங்கள். "டிக் டிக்" என்று சத்தம் வந்தால் முன் ஆக்சில் மூட்டு போய்விட்டது.

நான்கு சக்கர விசை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்காமல் திரும்பாதீர்கள். திரையில் எழுத்து எரிவது சாட்சி ஆகாது. தளர்ந்த மண்ணிலோ சரளையிலோ நிறுத்தி, வேகம் கொடுத்து, முன்சக்கரங்கள் மண்ணைக் கிளறுகின்றனவா என்று உடன் வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பல பேர் வருடம் முழுக்க இரண்டு சக்கர விசையிலேயே ஓட்டுவதால் முன்பக்கப் பழுது அவர்களுக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் முதல் ஆள், நவம்பர் சேற்றில் மானைக் கட்டி இழுக்கும் நீங்களாக இருக்க வேண்டாம்.

பிரேக்கையும் நன்றாகப் பாருங்கள். ராஞ்சர் போன்ற ஒற்றை ஆக்சில் வண்டிகளில் பின்பிரேக் மூடிய டிரம் வகை. அதன் சீல் போனால் உள்ளே தண்ணீர் தங்கி, துருவேறி, பிடிக்காது. சீர்செய்யச் செலவும் அதிகம்.

காகிதமும் பணமும்

சேசிஸில் பொறித்த, வின் எனப்படும் வண்டி அடையாள எண்ணையும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். 17 எழுத்துகள் கொண்ட அந்த எண்ணில் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைக் குறிக்கும்: ஆங்கில ஏ என்றால் 2010, எஃப் என்றால் 2015, எல் என்றால் 2020. "2015 மாடல்" என்று விற்கிறவரின் வண்டியில் வேறு எழுத்து இருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்தலாம். எண் தேய்க்கப்பட்டிருந்தால், அதன்மேல் பெயிண்ட் பூசியிருந்தால், திருட்டு வண்டியாக இருக்க வாய்ப்புண்டு. காவல் நிலையத்தில் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. மிச்சிகனில் உரிமைப் பத்திரம் கட்டாயம். பென்சில்வேனியாவில் பதிவை வனங்களைக் கவனிக்கும் மாநிலத் துறையே செய்கிறது. விஸ்கான்சின், மின்னசோட்டாவில் இயற்கை வளத்துறையிடம் பதிய வேண்டும். "பத்திரம் பிறகு அனுப்புகிறேன்" என்ற வாக்கை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் பத்திரத்தில் தெரியும். கடன் தீர்ந்த சான்று கையில் இருக்க வேண்டும்.

குறைபாட்டுக்காக நிறுவனம் விடுத்த திரும்ப அழைப்பு (ரீகால்) ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்திலும், அந்த நிறுவனத்தின் கடையில் வின் எண்ணைக் கொடுத்தும் பாருங்கள். கார்களின் திரும்ப அழைப்பைக் கவனிக்கும் துறை வேறு. அங்கே தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

விலை பேசும்போது நீங்கள் கண்ட குறைகளைப் பட்டியலாகச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். டயர், பேட்டரி, பெல்ட், ஆக்சில் உறை ஆகியவற்றின் கடைவிலையை முன்பே தெரிந்து வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

வாங்கிய பிறகு

முதல் வாரத்திலேயே எல்லா ஆயிலையும் மாற்றுங்கள். இன்ஜின், இரண்டு டிஃபரன்ஷியல் ஆயிலோடு குளிர்நீர், பிரேக் திரவம், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றையும் மாற்றிவிடுங்கள். போலாரிஸ் போன்ற சில வண்டிகளின் முன்பக்கத்துக்குத் தனித் திரவம் உண்டு. கிடைத்த கியர் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். பழைய ஆயிலை வெள்ளைத் தாளில் ஊற்றிப் பார்த்துக் குறித்து வைத்தால் அடுத்த முறை ஒப்பிட உதவும்.

சுமைத்தாங்கியின் அளவை மீறாதீர்கள். ராஞ்சர் 420 இன் முன் தாங்கி 66 பவுண்டு, பின் தாங்கி 133 பவுண்டு தாங்கும். நன்கு வளர்ந்த ஆண்மான் குடலை எடுத்த பிறகும் அதைத் தாண்டிவிடும். பின்பக்கம் கனத்தால் மேட்டில் முன்சக்கரம் எழும்பி வண்டி மல்லாந்துவிடும். மானைச் சிறு டிரெய்லரிலோ பனிச்சறுக்குத் தட்டிலோ வைத்து இழுப்பதே சரி. மலைமாடு அளவுள்ள எல்க்கை முழுதாக ஏற்றும் எண்ணமே வேண்டாம். துண்டுகளாகத்தான் கொண்டுவர வேண்டும்.

ஒருவருக்கான வண்டியில் இருவர் ஏறாதீர்கள். இருக்கை நீளமாக இருப்பது ஓட்டுபவர் வளைவிலும் மேட்டிலும் உடலை நகர்த்திச் சமன் செய்வதற்காக. பெரிய வண்டிகளை 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஓட்டக்கூடாது என்ற எச்சரிக்கை வண்டியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஒட்டுத்தாள் கிழிந்திருந்தாலும் விதி கிழியவில்லை.

தடத்துக்குத் தடம் அனுமதி மாறும். மேற்கு வர்ஜீனியாவின் ஹாட்ஃபீல்டு மெக்காய் தடங்கள் 2000இல் திறக்கப்பட்டு இன்று 1,000 மைலுக்கு மேல் நீள்கின்றன. அங்கே அனுமதிச் சீட்டும் ஹெல்மெட்டும் கட்டாயம். தேசிய வனங்களில் பல தடங்கள் 50 அங்குலத்துக்கு உட்பட்ட அகலமுள்ள வண்டிகளுக்கு மட்டுமே. அகலமான சக்கரம் மாட்டிய பழைய வண்டியை வாங்கும் முன் நாடாவால் அளந்துவிடுங்கள். சைலன்சரில் பொறித்தடுப்பு இருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் சத்தத்துக்காக மாற்றிய சைலன்சரில் அது இல்லாமல் போயிருக்கும். காய்ந்த இலைக்காட்டில் வெளியேறும் பொறி தீ வைக்கும்.

வேட்டை விதிகளையும் அந்தந்த மாநிலக் கையேட்டில் படித்துக்கொள்ளுங்கள். தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு வண்டியில் போகக் கூடாது. காலி செய்து உறையிலிட்டே எடுத்துச் செல்ல வேண்டும். மிச்சிகனில் நவம்பர் 15 முதல் 30 வரை, பொதுமக்கள் வேட்டையாடும் நிலங்களில் காலை 7 முதல் 11 மணி வரையும் பிற்பகல் 2 முதல் 5 மணி வரையும் ஏடிவி ஓட்டத் தடை உண்டு. சுட்ட மானை எடுத்துவருவது போன்ற சில காரணங்களுக்கு மட்டும் விலக்கு. ஆகவே விடியும் முன்னரே போய்ச் சேர்ந்து, வண்டியைத் தடத்தை விட்டு ஒதுக்கி நிறுத்தி, மரத்தடி வரை மிச்ச தூரத்தை நடந்து செல்லுங்கள்.